கொடி அசைத்தவர் யார்?

(மே மாதத்து ஞாயிறு, காலை 7.48. திருச்சி பொன்மலையில், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவரின் வீட்டுத் திண்ணை. நெஞ்சில் குத்திய எண் அட்டையோடு, ஊக்கு ஒன்று தோலில் உறுத்த, பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் ஓடிவரும் ஒருவர் வந்து தூணைப் பிடித்துக்கொள்கிறார்.)

கார்டு: உங்கள் வண்டி எண் 1163 என்று எழுதியிருக்கிறது, தம்பி. எவ்வளவு தாமதமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்?

ஓடுபவர்: ஒரு மணி எட்டு நிமிடம், ஐயா.

கார்டு: பத்துக் கிலோமீட்டர் தூரத்திற்கு ஒரு மணி எட்டு நிமிடத் தாமதமா? என் காலத்தில் இதற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்துவிடும்.

ஓடுபவர்: அது தாமதமில்லை, ஐயா, இதுவரை நான் ஓடிய நேரம். தாமதம் தனியாக ஒரு மணி பத்து நிமிடம். ஐந்தரைக்குத் தொடங்க வேண்டிய பந்தயம் ஆறு நாற்பதுக்குத்தான் தொடங்கியது.

கார்டு: ஆக, ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் இரண்டு நிமிடம் கூடுதல். அப்படியிருந்தும் இதற்கு ஓட்டப் பந்தயம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாமதத்திற்குக் காரணம் என்ன?

ஓடுபவர்: கொடி அசைக்கச் சிறப்பு விருந்தினர் வர வேண்டியிருந்தது.

கார்டு: கொடி அசைக்கவா?

ஓடுபவர்: ஆமாம், ஐயா. அவர் அசைத்தால்தான் நாங்கள் ஓட முடியும்.

கார்டு: நான் முப்பத்தொரு ஆண்டுகள் கொடி அசைத்தவன், தம்பி. மழையிலும் அசைத்தேன், நள்ளிரவிலும் அசைத்தேன், ஆயிரம் பேர் ஏறிய வண்டிக்கும் அசைத்தேன். ஒருவரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. நான் வரவில்லை என்று வண்டி ஒரு மணி பத்து நிமிடம் காத்திருந்ததும் இல்லை.

ஓடுபவர்: அவர் வரும்வரை எங்களைச் சும்மா நிறுத்தவில்லை. மேடையில் இரண்டு பேர் ஏறி ஜும்பா ஆட, கீழே நின்றவர்கள் அனைவரும் நாற்பது நிமிடம் ஆடினோம். உடலைச் சூடேற்றுவதற்காம்.

கார்டு: கத்திரி வெயிலில், திருச்சியில், உடலைச் சூடேற்றுவதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள். நல்லது. விருந்தினர் வந்தவுடனாவது அசைத்தாரா?

ஓடுபவர்: வந்தார், குத்துவிளக்கு ஏற்றினார், இருபத்திரண்டு நிமிடம் உரையாற்றினார், அதன் பிறகு அசைத்தார். ஆனால் உரை நேரம் எங்கள் கணக்கில் சேராது, ஐயா. பந்தயத்தில் துப்பாக்கி நேரம், சிப் நேரம் என்று இரண்டு உண்டு. தொடக்கக் குறி கொடுத்த நொடியிலிருந்து எண்ணுவது துப்பாக்கி நேரம். இந்த அட்டையின் முதுகில் ஒட்டியிருக்கும் பட்டை, தொடக்கக் கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து எண்ணுவது சிப் நேரம்.

கார்டு: துப்பாக்கி வேறு இருந்ததா? விருந்தினர் இருபத்திரண்டு நிமிடம் பேசியபோது அது யார் கையில் இருந்தது?

ஓடுபவர்: அது பெயரளவில்தான் துப்பாக்கி, ஐயா. இன்று கொடிதான்.

கார்டு: அதனால்தான் உரை முடியவில்லை. சரி, உட்காருங்கள். சட்டையில் என்ன, சுண்ணாம்பா?

ஓடுபவர்: உப்பு, ஐயா. வேர்வை காய்ந்து படிந்திருக்கிறது. குளிர்காலத்தில் இதே தூரத்தை 58 நிமிடத்தில் முடித்தவன் நான். வெயிலில் ஓடும்போது, காலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு உடலைக் குளிர்விக்கத் தோலுக்குப் போய்விடுவதால், அதே வேகத்திற்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஐந்தரைக்குத் தொடங்கியிருந்தால் வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரத்தைக் கடந்திருப்பேன்.

கார்டு: வழியில் தண்ணீர் வைத்திருப்பார்களே?

ஓடுபவர்: இரண்டரைக் கிலோமீட்டருக்கு ஓரிடம் என்று வைத்திருந்தார்கள். ஐந்தாவது கிலோமீட்டரில் நான் போனபோது மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஏழரையில் மேசையே இல்லை. நசுங்கிய காகிதக் குவளைகள் மட்டும் கிடந்ததால்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன்.

கார்டு: உங்களுக்குப் பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருக்கும்போதேவா?

ஓடுபவர்: முன்னால் போனவர்கள் ஆளுக்கு இரண்டு குவளை எடுத்து, ஒன்றைக் குடித்து, இன்னொன்றைத் தலையில் ஊற்றிக்கொண்டார்களாம். நாற்பது நிமிடத்தில் முடிப்பவர் ஏழு இருபதுக்கு நிழலுக்குப் போய்விடுகிறார். ஒன்றரை மணி எடுக்கும் என்னைப் போன்றவர்தான் எட்டு மணி வெயிலையும் வாங்கிக்கொள்கிறோம். எங்களுக்குத்தான் தண்ணீர் இல்லை.

கார்டு: தம்பி, ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் எல்.வி., அதாவது லாஸ்ட் வெஹிக்கிள், என்று எழுதிய சிறு பலகை தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? வண்டி நிலையத்தைத் தாண்டும்போது அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான், முழு வண்டியும் வந்து சேர்ந்தது என்று பொருள். எஞ்சின் போய்விட்டதே என்று பாதையைத் திறந்துவிட்டால், பின்னால் கழன்று நிற்கும் பெட்டியின் மீது அடுத்த வண்டி ஏறிவிடும். இங்கே எஞ்சினைப் பார்த்தவுடன் கைதட்டிவிட்டு மேசையை மடக்கியிருக்கிறார்கள். அது போகட்டும், கொடி அசைத்தவர் எவ்வளவு தூரம் ஓடினார்?

ஓடுபவர்: அசைத்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டார், ஐயா.

கார்டு: கொடி அசைத்தவன் அதே வண்டியின் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கட்டணம் எவ்வளவு கட்டினீர்கள்?

ஓடுபவர்: 799 ரூபாய்.

கார்டு: சாதாரணப் பயணிகள் ரயிலில் இந்தத் தூரத்திற்குப் பத்து ரூபாய். அதில் ஓடுவதும் நாங்கள்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கலாம்.

ஓடுபவர்: சட்டையும் பதக்கமும் தருகிறார்கள், ஐயா. சட்டையில் மிகப் பெரிய அளவுதான் மிஞ்சியிருந்தது. தூரமும் சற்றுக் கூடுதலாகவே தருகிறார்கள். முறையான பந்தயத்தில், அளவுக் கருவி பூட்டிய சைக்கிளை ஓட்டிப் பாதையை அளந்து, குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டி வைப்பார்கள். இங்கே திருப்பத்தில் நின்ற தொண்டர் கைப்பேசியைப் பார்த்தபடி கையை நீட்டியதால், நாங்கள் இருபது பேர் ஞாயிற்றுச் சந்தைக்குள் புகுந்து, கத்தரிக்காய் மூட்டைகளைத் தாண்டி, அறுநூறு மீட்டர் அதிகமாக ஓடித் திரும்பினோம்.

கார்டு: கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கொடுக்க வேண்டிய இடத்தில் அறுநூறு மீட்டர் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் காட்டாத தாராளம் தூரத்தில்.

ஓடுபவர்: இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது, ஐயா. 1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானை ஆகஸ்டு மாதப் புழுதியில், பிற்பகலில் நடத்தினார்கள். உடலில் நீர் வற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக, அமைப்பாளரே வேண்டுமென்று தண்ணீரைக் குறைத்து வைத்தார். ஓடியவர் 32 பேர். முடித்தவர் 14 பேர்.

கார்டு: அவராவது ஆராய்ச்சிக்காகத் தண்ணீர் தராமல் இருந்தார். உங்கள் அமைப்பாளர் எதைக் கண்டுபிடித்தார்?

ஓடுபவர்: (சற்று யோசித்து) மூன்று கிலோமீட்டர் ஓடும் பிரிவுக்கு ஆட்கள் அதிகம் சேர்ந்தால் லாபம் என்று கண்டுபிடித்திருக்கிறார்.

கார்டு: இந்தாருங்கள், உப்புப் போட்ட மோர். நின்று குடிக்காதீர்கள். இதே பொன்மலைப் பணிமனையில் நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டினார்கள். இரும்பால் ஆனதுதான், இருந்தாலும் மலையேறும் வழியில் அதை நிறுத்தித் தண்ணீர் பிடிக்காமல் விடுவதில்லை. உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர்?

ஓடுபவர்: ஓர் அம்மையார் வருகிறார். அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

கார்டு: ஆம்புலன்ஸ் வருமே?

ஓடுபவர்: அது எங்களை முந்திப் போய்விட்டது, ஐயா. முடிவிடத்தில் பொங்கல் தீர்ந்துவிடும் என்று ஓட்டுநர் சொன்னார்.

கார்டு: (இரண்டாவது குவளையை எடுத்து வைத்தபடி) அந்த அம்மையாரும் வந்து குடிக்கட்டும்.

ஓடுபவர்: என் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறதே, ஐயா. இங்கே உட்கார்ந்தே நான்கு நிமிடம் ஆகிவிட்டது.

கார்டு: குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: பொன்மலையில் நான்கு நிமிடம். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தண்ணீர் பிடித்தல் என்று எழுதினால் மேலிடத்தில் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.