மீன் சினையை ஆராய்வது வெட்டி வேலை அன்று

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக் கூட்டத்தில் நடந்ததை நண்பர்கள் பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. மீன்களில் முட்டையாகவும் விந்தாகவும் ஆகும் இனச்செல்களை ஆளும் மரபணுக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாணவியை இடைமறித்து, "மீன் சினைக்குள் ஜீனைத் தேடுவதற்கா மக்கள் வரிப்பணம்?" என்று மேடையிலிருந்த பெரியவர் கேட்டார். அரங்கம் சிரித்தது. அந்த மாணவி மீதிப் பேச்சைப் பேசாமலே இறங்கிவிட்டார். கேள்வி கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. பதில் சொல்ல இடம் கொடுக்காமல் சிரித்ததுதான் வருத்தம்.

அந்த மாணவி சொல்ல வந்தது இதுதான். கருவுற்ற முட்டை பிளந்து செல்கள் பெருகும் தொடக்க நேரத்தில், ஒவ்வொரு செல்லும் தோலாகவோ நரம்பாகவோ இதயமாகவோ மாறக்கூடிய நிலையில் இருக்கிறது. இந்தப் பல்திறனைக் காக்கும் ஆக்ட் 4, சாக்ஸ் 2, நானாக் ஆகிய மரபணுக்களுக்கு உறவான மரபணுக்கள் மீன்களிடமும் உண்டு. ஆய்வகங்களில் வளர்க்கும் சிறிய வரிக்குதிரை மீனில் இவற்றின் செய்திகளை, அதாவது புரதம் செய்வதற்கான குறிப்பின் நகல்களை, தாய்மீன் முட்டைக்குள் முன்கூட்டியே வைத்துவிடுகிறது. கருவின் சொந்த மரபணுக்கள் முதல் மூன்று மணி நேரம் ஏறத்தாழ இயங்காமலே இருக்கின்றன. அவற்றை இயக்கிவைப்பதில் இந்த மூவருக்கும் முக்கியப் பங்கு உண்டு என்பதை 2013இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. தாய் முட்டையில் வைத்த வேறொரு பொருள், முப்பத்திரண்டு செல் நிலையில் வெறும் நான்கு செல்களுக்குள் போய்ச் சேர்கிறது. வாசா, நானோஸ், டெட் எண்ட் ஆகிய மரபணுக்களின் செய்திகள் அதில் இருக்கின்றன. அந்த நான்கின் வழிவந்த செல்கள்தான் பின்னாளில் முட்டையாகவும் விந்தாகவும் ஆகப்போகிறவை. நம் ஊரில் அறுவடை முடிந்ததும் விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பார்களே, அப்படி அடுத்த தலைமுறைக்கென்று ஒதுக்கப்பட்ட செல்கள் அவை. டெட் எண்ட் புரதம் இல்லாவிட்டால் அவை தம் அடையாளத்தை இழந்து, தசையாகவும் நரம்பாகவும் மாறத் தொடங்கிவிடுகின்றன. இனச்செல் இல்லாத வரிக்குதிரை மீன் ஆணாக வளரும். ஆனால் அதற்கு வாரிசு கிடையாது. ஓர் இனம் தொடருமா தொடராதா என்பது இந்த மரபணுக்களின் கையில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்வது வெட்டி வேலையா?

தோக்கியோவில் மீன் ஆய்வாளர் யோஷிசாக்கியின் குழுவினர் செய்ததைக் கேளுங்கள். மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் இருப்பதால் மலடாக இருக்கும் 'மாசு' என்னும் வகை சால்மன் மீனின் குஞ்சுகளுக்குள் வானவில் டிரௌட் மீனின் இனச்செல்களைச் செலுத்தினார்கள். வளர்ந்த சால்மன்கள் பெற்றவை டிரௌட் குஞ்சுகள் மட்டுமே. 2007இல் வெளிவந்த இந்த ஆய்வு, அருகிவரும் மீனின் வித்தை வேறொரு மீனின் உடலில் காத்து வைக்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது.

நம் ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு கெண்டை தாமிரபரணியில் இருக்கிறது. 1954இல் மீனியல் அறிஞர் சைலஸ் அதை விவரித்தார். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. டிரௌட்டுக்குச் செய்ததை நாளைக்கே இதற்கும் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எப்போதாவது செய்ய வேண்டுமானால், அதன் உடலில் எந்தச் செல் இனச்செல் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதை அடையாளம் காட்டுவது வாசா. அந்த மாணவி தேடியது அதைத்தான்.

"இதெல்லாம் வெளிநாட்டில் செய்து முடித்தாயிற்று, நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வரிக்குதிரை மீனே கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன். 1822இல் இயற்கை ஆய்வாளர் ஹாமில்டன் அதைப் பதிவு செய்தது இங்கேதான். நம் வயலோரத்து மீனை அமெரிக்காவின் ஒரிகானில் ஸ்டிரைசிங்கர் என்ற ஆய்வாளர் ஆய்வகத்து மீனாக்கினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பாண்டியன் குழுவினர், இறந்த மீனின் விந்தணுவை வேறோர் இனத்தின் முட்டையில் சேர்த்து, இறந்த மீனின் இனத்தையே குஞ்சாக மீட்டுக் காட்டினார்கள். அது 2004இல் வெளிவந்தது. நெல்லையிலிருந்து மதுரை எவ்வளவு தூரம்?

வரிப்பணத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: 1957இல் கட்டாக்கில் அரசு ஆய்வு நிலையத்திலிருந்த ஹிராலால் சௌதுரி, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதுவரை குஞ்சுகளைப் பெரும்பாலும் ஆற்றிலிருந்துதான் பிடித்து வர வேண்டியிருந்தது. இன்று நம் சந்தையில் கட்லாவும் ரோகுவும் கிடைப்பதற்குப் பின்னால் மீனுக்கு ஊசி போட்ட அந்த மனிதர் இருக்கிறார். அவரையும் அன்று யாராவது மேடையில் வைத்துச் சிரித்திருந்தால்?

இயற்கையில் கைவைக்கலாமா என்ற கவலையை நான் மதிக்கிறேன். ஆய்வகத்து மீனை யோசிக்காமல் ஆற்றில் விடக்கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரு மரபணுவைப் புரிந்துகொள்வதும் மீனை ஆற்றில் விடுவதும் ஒன்றல்ல.

நான் விலங்கியல் எடுத்தபோது எங்கள் பெரியப்பா, "மீனப் படிச்சி என்னட்டி செய்யப் போற, கொழம்பு வைக்கவா?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்க என்னோடு வந்தது அவள்தான். இத்தனை வருடம் கழித்து அதே கேள்வியை, படித்தவர்கள் நிறைந்த அரங்கில், மைக் வைத்துக் கேட்கிறார்கள். இதே ஆய்வை ஒரு பையன் கோட்டு போட்டு ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். நான் மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் காணொளியை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பெண், புரியும்படி தமிழில் பேசியதையே குறையாக்கிவிட்டார்கள்.

"அவர் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்" என்று பின்னூட்டத்தில் எழுதியவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. சொல்ல விட்டால்தானே தெளிவாகச் சொல்ல முடியும்.

கூட்டத்தை நடத்தியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மாணவியை மறுபடி அழையுங்கள். நின்றுபோன இடத்திலிருந்து அவர் பேசட்டும், இடையில் யாரும் குறுக்கிட வேண்டாம். சிரித்த பகுதியை மட்டும் வெட்டிப் பரப்பியவர்கள் அந்த முழுப் பேச்சையும் போடுங்கள்.