சென்னைக்குச் சொன்னவர்கள் கிராமத்துக்கும் சொல்லட்டும்

2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்தபோது எந்த நாளில் ஒத்திகை, எத்தனை மணிக்கு விமானநிலையத்தை மூடுவார்கள், எந்த ரோட்டில் போகக்கூடாது என்று எல்லாமே முன்கூட்டியே வந்துவிட்டது. நாமும் மொட்டை மாடியில் ஏறி நின்று போனில் படம் பிடித்தோம்.

கொங்குப் பக்கமும் டெல்டாவிலும் கதையே வேறு. திடீரென்று வானத்தில் வெடிச் சத்தம் கேட்கும், ஜன்னல் அதிரும், ஜனங்கள் தெருவுக்கு ஓடி வருவார்கள். நிலநடுக்கமா, பட்டாசு ஆலையா என்று வாட்ஸ்அப்பில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்புறம் சாவகாசமாக ‘போர் விமானப் பயிற்சியாக இருக்கலாம்’ என்று ஒரு வரிச் செய்தி. அத்தோடு சரி.

யாராவது குறை சொன்னால் உடனே, "நாட்டுக்காக இதைக்கூடப் பொறுத்துக்க முடியாதா?" என்று ஒருவர் வந்துவிடுவார். பெரும்பாலும் நம்ம ஊர் அபார்ட்மென்ட்காரர்தான். நான் சேலையூர்க்காரன். தாம்பரம் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே போவது பழகிப்போனது. ஆனால் அது உறுமிக்கொண்டே வந்து போகிற சத்தம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் தாழப் பறக்கும் போர் விமானம் அப்படியில்லை. சத்தம் காதில் விழும்போது விமானமும் தலைக்கு மேல் இருக்கும். ஒலியைவிட வேகமாகப் போனாலோ, விமானம் கடந்த பிறகுதான் ஒரே இடியாக இறங்கும்.

கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மிரண்ட கோழிகள் கொட்டகையின் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியது மூச்சுமுட்டிச் சாகும். கம்பெனிக்காக வளர்ப்பவர் என்றால் செத்த கணக்கு அவருடைய வளர்ப்புக் கூலியில்தான் விழும்.

இது புதிய வழக்கும் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் காஸ்பி என்ற கோழிப் பண்ணைக்காரர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ விமானங்கள் தன் நிலத்துக்கு மேலே 83 அடி உயரத்தில் பறந்ததை எதிர்த்து அரசு மீதே வழக்குப் போட்டார். பயத்தில் சுவரில் மோதி அவருடைய கோழிகள் சுமார் 150 செத்திருந்தன. 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவரை யாரும் தேசத்துரோகி என்று சொன்னதாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் போர் விமானங்கள் 250 அடி வரை இறங்கலாம். வேல்ஸ், ஸ்காட்லாந்தில் சில பகுதிகளில் 100 அடி வரைக்கும். அந்த நூறடிப் பயிற்சிக்கு நேர அட்டவணையை அரசே முன்கூட்டி வெளியிடுகிறது. புகார் சொல்லவும் இழப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது. அங்கேயும் முணுமுணுப்பு தீரவில்லை என்பது வேறு விஷயம்.

புயலுக்கு நம் போனில் எச்சரிக்கை அலறுகிறதே, அதே மாதிரி "நாளை காலை பயிற்சி, சத்தம் கேட்கும்" என்று அந்தந்த மாவட்டத்துக்கு ஒரு செய்தி அனுப்பலாம். கோழியோ மாடோ செத்தால் எந்த ஆபீசில் மனு கொடுப்பது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம். ரகசியம் என்பார்கள். எந்த விமானம், எங்கிருந்து கிளம்புகிறது என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. நாலு மாவட்டத்துக்குக் கேட்கிற சத்தத்தில் என்ன ரகசியம்?