ஆனர்ஸ் முடித்த எல்லோருக்கும் நேரடி பிஎச்.டி. இல்லை

ஒருவர், "நாலு வருஷ ஆனர்ஸ் படித்தாலே போதும், எம்.எஸ்சி. இல்லாமல் நேரே பிஎச்.டி." என்கிறார். பாதிதான் சரி. 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி நாலு வருஷப் பட்டத்தில் மொத்தம் 75 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. அப்புறம் நுழைவுத்தேர்வு, நேர்முகம் எல்லாம் இருக்கிறது.

'ஆராய்ச்சியுடன் ஆனர்ஸ்' வேறு. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்களுக்குத்தான் அது; 12 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி) அளவுக்கு ஆய்வு செய்யணும். பெங்களூரில் படிக்கும் என் அண்ணன் மகள் அதில் இருக்கிறாள். லீவில் சேலம் வந்தால் வீடு தங்குவதில்லை. விடிந்ததும் ஏற்காடு பஸ். ஆய்வுக்காகக் காபித் தோட்டத்து மண்ணைப் பொட்டலம் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் மடியில் வைத்துக்கொண்டு இறங்குவாள். வாந்தி மாத்திரை தனிச் செலவு!

இதெல்லாம் வேண்டாமா? மூன்றாம் வருஷம் 120 கிரெடிட்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.