மாதவிடாய் நிற்கும் வயது: ஹார்மோன் டெஸ்ட் இல்லாமலே டாக்டரைப் பார்க்கலாம்

"மாதவிடாய் நிற்கும் வயதில் எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை ரிசல்ட் இல்லாமல் டாக்டரிடம் போய்ப் பலனில்லை" என்றொரு வாட்ஸ்அப் செய்தி காரைக்குடிப் பக்கம் சுற்றுகிறது. எனக்கு அனுப்பிய ஆச்சி டெஸ்டுக்குப் பணமே எடுத்து வைத்துவிட்டார். செய்தி தவறு.

45 வயதைக் கடந்தவருக்கு அறிகுறிகளையும் தேதிகளையும் கேட்டே பெரும்பாலும் டாக்டர் முடிவு செய்துவிடுவார். அந்த ஹார்மோன் அளவு இக்காலத்தில் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒருநாள் ரிசல்ட்டை நம்ப முடியாது. 40 வயதுக்குள் நின்றுபோனால் கதை வேறு, அப்போது பரிசோதனை தேவை. 40-45 வயதில் தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். தைராய்டு, ரத்தசோகை சந்தேகமிருந்தால் டாக்டரே எழுதிக்கொடுப்பார்.

கொண்டுபோக வேண்டியது காலண்டரை. ஆச்சியின் மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இப்போது பென்சில் குறிப்புகள்: கடைசியாகத் தீட்டு வந்த தேதி, "இரவு 2 மணி, வேர்த்து எழுந்து ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்தேன்." சாப்பிடும் மாத்திரைகள் (லேகியமும்தான்), குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய், தமக்கு முன்பு காலில் ரத்தக்கட்டு வந்ததா என்பதையும் எழுதச் சொன்னேன். உறவின்போது வலியா? வாயால் சொல்லக் கூச்சமென்றால் சீட்டை நீட்டிவிடலாம்.

தீட்டு நின்று ஓராண்டு ஆன பிறகு துளி ரத்தம் பட்டாலும் குறித்துக்கொண்டே இருக்காதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள்.