பிகாஸை முன்னால் எழுதினால் என்ன குற்றம்?

ஓர் ஆங்கில விடைத்தாளின் படத்தை முந்தாநாள் இங்கே போட்டிருந்தேன், பார்த்திருப்பீர்கள். "பிகாஸ் த வைகை வாஸ் இன் ஃப்ளட், வி குட் நாட் கிராஸ் த காஸ்வே." எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது. சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் பூஜ்யம். "வாக்கியத்தை பிகாஸில் தொடங்கக் கூடாது" என்று ஒரு குறிப்பு வேறு.

அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், ஒரு பிழையும் இல்லை.

பிள்ளைக்கு அது எங்கிருந்து வந்தது? தமிழிலிருந்து. "வைகையில் வெள்ளம் வந்ததால் தரைப்பாலத்தைக் கடக்க முடியவில்லை." நமக்குக் காரணம் முன்னால், காரியம் பின்னால். நம்முடைய 'ஆல்' காரணம் சொல்லும் பகுதியின் கடைசியில் ஒட்டும். பிகாஸ் அதே பகுதியின் தலையில் நிற்கும். கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பகுதி முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். முன்னால் வந்தால் ஒரு கமா, அவ்வளவுதான்.

கூடாதது எது? "பிகாஸ் இட் ரெய்ன்ட்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பது. பரீட்சைத் தாளில் அது பாதி வாக்கியம். அப்புறம், பிகாஸில் தொடங்கிவிட்டு நடுவில் 'ஸோ'வும் போடுவது. "ஏன்னா மழை, அதனால வரலை" என்று பேசுகிறோம் அல்லவா, அந்தப் பழக்கம். நம் பிள்ளைகள் உண்மையில் தடுக்கி விழும் இடம் இதுதான். இதைச் சொல்லிக்கொடுக்காமல், பிகாஸையே முன்னால் வைக்காதே என்று சொல்வது என்ன பாடம்?

பத்தாம் வகுப்பில் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியம் மாற்றச் சொல்கிறோம். அங்கே 'தோ'வில் (though, 'இருந்தாலும்') தொடங்கினால் மார்க் உண்டு. பிகாஸும் அதே இனம்தானே?

"டியூசன் எடுக்கறவங்களுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் கஷ்டம் தெரியாது" என்று அந்தப் படத்தின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். தெரியும் சார். கட்டுக் கட்டாகத் தாள் திருத்துகிறவர்களின் களைப்பு தெரியும். களைப்பில் ஒரு மார்க் குறைந்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இல்லாத விதியை எழுதிவைத்ததுதான் வலிக்கிறது. "பப்ளிக் எக்ஸாம் திருத்துகிறவரும் இப்படியே நினைத்தால்?" என்று கேட்டவருக்கு: அந்தப் பயத்துக்காகச் சரியானதைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியாது.

உசிலம்பட்டிப் பக்கம் தமிழ் வழியில் படித்தவள் நான். ஒன்பதாம் வகுப்பில் இதே பிகாஸுக்காக எழுந்து நிற்க வைத்தார்கள். "உனக்கெல்லாம் எதுக்கு இங்கிலீஷ்" என்றார் அந்த ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் கல்லூரி முடியும்வரை காரணம் சொல்லும் வாக்கியமே எழுதவில்லை. "ஐ வாஸ் இல். ஐ டிட் நாட் கம்." இப்படி வெட்டி வெட்டி. தமிழில் பக்கம் பக்கமாக எழுதியவள் ஆங்கிலத்தில் நாலு சொல்லைத் தாண்டப் பயந்தேன்.

நேற்று சாயங்காலம் அந்தப் பிள்ளை டியூசனுக்கு வந்தாள். மழையைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். எல்லாம் மூன்று சொல், நான்கு சொல். ஏம்மா, இதைச் சேர்த்து ஒரே வாக்கியமா எழுதலாமே என்றேன். "வேணாம் மிஸ், மார்க் போயிரும்" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திங்கட்கிழமை அவள் அம்மாவோடு நானும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்.