பத்து வருட ஆள் என்றால் பயமில்லையா?

"திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பணம் கையாடுவது புதிதாக வரும் இளவட்டம்தான், பத்து வருட ஆளிடம் பயமே இல்லை" என்கிறீர்கள். கணக்கு நேர்மாறுங்க அண்ணா. ஏ.சி.எஃப்.இ. என்ற மோசடி ஆய்வாளர் சங்கத்தின் 2024 அறிக்கை, உலகம் முழுக்கப் பிடிபட்ட 1,921 மோசடிகளைப் பார்த்தது. சேர்ந்து ஓராண்டு ஆகாதவர்கள் செய்ததில் இடைநிலை இழப்பு (இழப்புகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் தொகை) 50,000 டாலர். பத்தாண்டு தாண்டியவர்கள் செய்ததில் 2,50,000. சாதாரண ஊழியர் என்றால் 60,000, உரிமையாளர் அல்லது உயர் அதிகாரி என்றால் 5,00,000. இதை வைத்துப் பழைய ஆட்களைத் திருடர்கள் என்று சொல்லிவிடவும் கூடாது. தொகை பெரிதாவதில் கையில் இருக்கும் அதிகாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் பல இடங்களில் நூல் கொள்முதல், ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) பில், பணப் பட்டுவாடா மூன்றையும் நம்பிக்கையான ஒரே ஆளிடம் விட்டுவிடுகிறார்கள். துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பையன் மேல் சந்தேகப்படுவதை விட்டு, முதலில் அந்த மூன்றையும் ஆளுக்கொன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.