கூட்டுப் படம் வேண்டாமே

பறவைகளைப் படம் எடுப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் லென்ஸ், ஷட்டர் வேகம் பற்றியெல்லாம் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் "புதிதாகத் தொடங்குபவர்கள் கூட்டில் இரை ஊட்டும் காட்சியை எடுத்துப் பழகலாம்" என்ற வரி உறுத்தியது.

சில வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் பழகினேன். வீட்டுப் பின்புறம் தையல்சிட்டுக் கூடு. மறைத்த இலை ஒன்றை நூலால் இழுத்துக் கட்டிவிட்டுப் படம் எடுத்தேன். அருமையான படம்! மறுநாள் காலையில், குஞ்சுகளைத் தின்னும் செண்பகப் பறவை வந்திருந்தது, கூடு காலி. அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே கணக்கில் வைக்கிறது. துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்றில்லை.

நெல்லைப் பக்கம் பறவைகள் சரணாலயம் உள்ள கூந்தன்குளம் மாதிரி ஊரில் கதை வேறு. அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் தெரு மரங்களிலேயே கூடு கட்டும், ஆளைக் கண்டால் அஞ்சாது. ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் சம்பாதித்த நம்பிக்கை அது.

சரி, பழக என்ன செய்வது? மடையான் என்கிற குளத்துக் கொக்கு போதும். வாய்க்கால் ஓரம் அசையாமல் நிற்கும். பறக்கும்போது வெள்ளைச் சிறகு பளிச்சென விரியும். அந்த நொடியைப் பிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.